கண் முதலில் எங்கே போகிறது?

வா கண்ணா, இப்படி உட்கார். கையில் அம்மாவின் போன் இருக்கிறதா? அப்படியென்றால் நீ எடுத்த படங்களும் அதில் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, மாடியில் விட்ட பட்டம், பழக்கடையில் அடுக்கிவைத்த மாம்பழம், இல்லையா? எடுத்த சூட்டோடு யாரிடமாவது போனை நீட்டி, "நல்லா இருக்கா?" என்று கேட்டிருப்பாய். அவரும் "சூப்பர்!" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்.

அந்த "சூப்பர்" உனக்கு என்ன கற்றுக்கொடுத்தது? ஒன்றுமில்லை. சொன்னவர் மேல் கோபப்படாதே. நீ கேட்ட கேள்விக்கு அதற்கு மேல் பதில் கிடையாது.

இன்று உனக்கு வேறொரு கேள்வி சொல்லித்தருகிறேன். படத்தைக் காட்டி, "உங்க கண் முதல்ல எங்கே போச்சு?" என்று கேள். அவ்வளவுதான். சின்னக் கேள்வி. ஆனால் ஒரு படத்தை எப்படி அமைப்பது என்ற பெரிய விஷயத்தின் சாவி இதில்தான் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போமா?

முதலில் ஒரு சோதனை. இந்த வரியில் உள்ள "கொய்யா" என்ற சொல்லை உற்றுப் பார். கண்ணை நகர்த்தாதே. நகர்த்தாமலேயே, நான்கு வரிக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்.

முடியவில்லையா? பயப்படாதே, உன் கண் நன்றாகத்தான் இருக்கிறது. என்னாலும் முடியாது. யாராலும் முடியாது.

காரணம் இதுதான். நம் கண்ணின் பின்சுவரில் விழித்திரை இருக்கிறது. அதன் நடுவே ஒரு சின்னக் குழி. அகலம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். அந்தக் குழியில் விழும் காட்சி மட்டும்தான் நமக்குக் கூர்மையாகத் தெரியும். கையை நேராக நீட்டி உன் கட்டைவிரலைப் பார். அந்த நகம் எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவுதான் ஒரு நேரத்தில் உனக்குத் துல்லியமாகத் தெரிகிற இடம். மற்றதெல்லாம் மங்கல்.

"அதெப்படி? எனக்கு இந்த அறை முழுக்கத் தெளிவாத் தெரியுதே!" என்கிறாயா? சபாஷ். சொன்னதை அப்படியே விழுங்காமல் எதிர்க்கேள்வி கேட்டாய் பார், அதுதான் அறிவியல்.

இருட்டு அறையில் டார்ச்சை இங்கும் அங்கும் அடித்துத் தேடுவது போலக் கண் தாவிக்கொண்டே இருக்கிறது. ஒரு விநாடிக்குச் சுமார் மூன்று தாவல். ஓரிடத்தில் நின்று பார்க்கும், சட்டென்று அடுத்த இடத்துக்குத் தாவும். இப்படிப் பொறுக்கிவந்த துண்டுகளை மூளை சேர்த்து, "இதோ முழு அறை" என்று உன்னிடம் கொடுத்துவிடுகிறது.

தாவுவதே தெரியவில்லையே என்று தோன்றுகிறதா? கண்ணாடி முன்னால் போய் நில். உன் இடது கண்ணைப் பார். பிறகு வலது கண்ணைப் பார். மறுபடி இடது. உன் கண் அசைவது கண்ணாடியில் தெரிகிறதா? தெரியாது. கண் தாவும் அந்த ஒரு கணத்தின் காட்சியை மூளை உனக்குக் காட்டுவதில்லை. இப்போது அதையே போனில் வீடியோவாக எடுத்துப் பார். கண்கள் இரண்டும் டக் டக் என்று நகர்வது நன்றாகத் தெரியும்.

இதுவரை புரிந்ததா? கண் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. சில இடங்களைப் பொறுக்கித்தான் பார்க்கிறது. உன் படத்தைப் பார்க்கிறவரின் கண்ணும் அப்படித்தான்.

சரி, எந்த இடங்களைப் பொறுக்கும்? சோவியத் நாட்டில் ஆல்ஃபிரட் யார்பஸ் என்றொரு விஞ்ஞானி இருந்தார். இதைக் கண்டுபிடிக்க அவர் செய்த காரியத்தைக் கேட்டால் உனக்குக் கண் கூசும். கண்விழியின் மேல் ஒட்டிக்கொள்ளும்படி உறிஞ்சு மூடி ஒன்றைச் செய்து, அதில் ஒரு துளிக் கண்ணாடியைப் பொருத்தினார். கண் அசைந்தால் கண்ணாடியும் அசையும். அதில் பட்டுத் திரும்பும் ஒளி, ஒளி பட்டால் நிறம் மாறுகிற தாளில் கோடு கோடாக விழும். கண் போன பாதை முழுவதும் தாளில் பதிந்துவிடும். (வீட்டில் இதைச் செய்து பார்க்கவே கூடாது. கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்!)

அவர் ஒரு ரஷ்ய ஓவியத்தைக் காட்டினார். இல்யா ரேப்பின் வரைந்தது. நாடுகடத்தப்பட்டிருந்த ஒருவர் எதிர்பாராமல் வீட்டுக்குள் நுழைகிறார். வயதான அம்மா நாற்காலியிலிருந்து எழுகிறார். மேஜையருகே பிள்ளைகள் திகைத்துப் பார்க்கிறார்கள். முதலில் யார்பஸ், "சும்மா பார்" என்றார். கண் பாதை எங்கே போனது தெரியுமா? திரும்பத் திரும்ப மனிதர்களிடம், அதிலும் முகங்களிடம். வெறும் சுவர்ப் பக்கம் கண் அதிகம் எட்டிப் பார்க்கவே இல்லை.

பிறகு, "இவர்களுக்கு என்ன வயது இருக்கும்?" என்று கேட்டார். கண் முகத்துக்கு முகம் தாவியது. "இந்தக் குடும்பத்துக்குப் பண வசதி எப்படி?" என்று கேட்டார். இப்போது கண் உடைகளையும் நாற்காலி மேஜைகளையும் மேய்ந்தது. ஒரே ஓவியம், ஒரே ஆள். கேள்வி மாறியதும் பாதை மாறிவிட்டது. 1965இல் இதையெல்லாம் அவர் புத்தகமாகவே எழுதினார்.

இதிலிருந்து நமக்கு இரண்டு சங்கதி கிடைக்கிறது. கண் மனித முகத்தைத் தேடி ஓடும் என்பது ஒன்று. பார்க்கிறவர் மனதில் என்ன இருக்கிறதோ அதற்கேற்பக் கண் போகும் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைக் கொஞ்சம் பத்திரமாக வைத்துக்கொள். யாரிடம் எப்படிக் கருத்துக் கேட்பது என்று பேசும்போது இது வேண்டும்.

முகம் தவிரக் கண்ணை இழுக்கிறவை வேறு சிலவும் உண்டு. சுற்றியிருப்பதை விட அதிக வெளிச்சமான இடம். சுற்றிலும் ஒரே நிறமாக இருக்கையில் மாறி நிற்கும் ஒரு நிறம். அப்புறம் எழுத்து. படிக்கத் தெரிந்த யாரும் எழுத்தைப் பார்த்தால் படிக்காமல் இருக்க முடியாது.

உன் மாம்பழக்கடைப் படத்தை எடு. மஞ்சள் மஞ்சளாக அழகாகத்தான் அடுக்கியிருக்கிறார் கடைக்காரர். ஆனால் நடுவில் ஒரு சிலேட்டு செருகியிருக்கிறதே, "கிலோ 80" என்று சாக்பீஸில் எழுதி? என் கண் முதலில் அங்கேதான் போனது. மாம்பழத்துக்கு வருவதற்கு முன்னால் விலை தெரிந்துவிட்டது! பிறகு மேலே பார்த்தேன். தார்ப்பாயின் கிழிசல் வழியே வெயில் வெள்ளையாகப் பளீரென்று அடிக்கிறது. கண் அங்கே ஓடியது. மாம்பழத்துக்கு மூன்றாவது இடம்தான்.

எடுக்கும்போது உனக்கு அது உறைக்கவில்லை. ஏன் என்று யோசி. உன் மனது முழுக்க மாம்பழம்தான் இருந்தது, அதனால் கண்ணும் மாம்பழத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டது. யார்பஸ் காட்டியது இதுதானே? கேமராவுக்கு அப்படியொரு மனது கிடையாது. சிலேட்டு, கிழிசல், பழம் எல்லாவற்றையும் ஒரே மரியாதையோடு பதிவு செய்துவிடும்.

இதற்கு ஓவியர்கள் வெகுகாலமாகச் செய்யும் ஒரு தந்திரம் உண்டு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இமை பாதி மூடியபடி பார். சின்னச் சின்ன விவரங்கள் கலங்கிப்போய், வெளிச்சமும் இருட்டும் மட்டும் திட்டுத் திட்டாக நிற்கும். எந்தத் திட்டு முதலில் கண்ணை இழுக்கிறதோ, அதுதான் படத்தில் முதலில் தெரியப்போவது. அது நீ காட்ட நினைத்த பொருளாக இல்லாவிட்டால், நகர்ந்து நில்.

எடுத்த படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதும் நல்ல வழி. பெயர் தெரிந்த பொருளாக இல்லாமல் வெறும் வடிவமாகத் தெரியும். பழைய காலத்துப் பெரிய பெட்டிக் கேமராவில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு பார்ப்பார்களே, அங்கே கண்ணாடித் தட்டில் காட்சி தலைகீழாகத்தான் விழும். அதைப் பார்த்துத்தான் அவர்கள் படத்தை அமைத்தார்கள். நம் விழித்திரையிலும் உலகம் தலைகீழாகத்தான் விழுகிறது, தெரியுமா? மூளை அதைச் சரியாகப் புரிந்துகொள்கிறது.

அடுத்து பாட்டியின் படம். சிரிக்காதே! பாட்டியின் தலை உச்சியிலிருந்து ஒரு தென்னை மரம் முளைத்திருக்கிறது. எடுக்கும்போது மரம் எங்கோ கொல்லைப்புறத்தில் அல்லவா இருந்தது? படத்தில் எப்படித் தலைக்கு வந்தது?

இரண்டு கையிலும் ஒவ்வொரு பேனா எடுத்துக்கொள். கைகளை அகல விரித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பேனா முனை இரண்டையும் ஒன்றோடொன்று தொட வை. தவறிப்போகும். இரண்டு கண்ணையும் திறந்து செய்தால் சுலபமாகத் தொட்டுவிடுவாய்.

நம் கண்கள் சுமார் 6 செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன. அதனால் இரண்டுக்கும் தெரியும் காட்சியில் சிறு வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தை வைத்து எது அருகில், எது தூரத்தில் என்று மூளை கணக்குப் போடுகிறது. பாட்டி இங்கே, மரம் அங்கே என்று உனக்குப் பிரித்துக் காட்டியது அந்தக் கணக்குதான். கேமராவுக்கு ஒற்றைக்கண். பாட்டியும் மரமும் ஒரே தாளில் ஒட்டிக்கொண்டன.

ஆகவே படம் எடுக்கும் முன் நீயும் ஒரு கண்ணை மூடிப் பார். கேமரா பார்ப்பது போலவே உனக்கும் தெரிய ஆரம்பிக்கும்.

மரத்தை எப்படி விரட்டுவது? வெட்ட வேண்டாம், ஒரு எட்டு வைத்தால் போதும். பாட்டி உனக்கு முன்னால் 2 மீட்டரில் இருக்கிறார், மரம் 20 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள். நீ இடப்பக்கம் அரை மீட்டர் நகர்ந்தால், பாட்டியின் தலைக்குப் பின்னால் தெரியும் இடம் மரத்தடியில் நாலரை மீட்டர் வலப்பக்கம் தள்ளிப்போகிறது! அரை மீட்டருக்கு நாலரை மீட்டர். நம்பிக்கை இல்லையென்றால் நோட்டில் மூன்று புள்ளி வைத்துக் கோடு போட்டுப் பார். உன் கணக்கு டீச்சர் ஒத்த முக்கோணம் என்று சொல்லித்தருவாரே, அதேதான். நீ நகர்ந்த பக்கமே மரமும் பாட்டியை விட்டு விலகிப்போகும்.

சிலர் போனில் பின்னணியை மங்கலாக்கும் வசதியைப் போட்டுவிட்டுத் தப்பித்தோம் என்று நினைப்பார்கள். அப்போதும் பாட்டி தலையில் பச்சையாக ஒரு மங்கல் தூண் நிற்கும். நகர்வதுதான் மலிவான வழி, நல்ல வழி.

இன்னொன்று. ரொம்பக் கிட்டே போய் முகத்தை எடுக்காதே. போனை மூக்குக்கு 30 செ.மீ.யில் பிடித்தால், காது சுமார் 42 செ.மீ.யில் இருக்கும். கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும் இல்லையா? காதோடு ஒப்பிட்டால் மூக்கு 1.4 மடங்கு பெரிதாகிவிடும். பாட்டி கோபித்துக்கொள்வார். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும்.

இப்போது கடற்கரைக்குப் போவோம். உன் உயரமே உள்ள நண்பனை நிறுத்திக் கடலைப் பின்னால் வைத்துப் படம் எடுக்கிறாய். போனை உன் கண் மட்டத்தில் பிடித்திருக்கிறாய். படத்தைப் பார். கடலும் வானமும் சேரும் கோடு நண்பனின் ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியே வரும். எப்போது எடுத்தாலும் இப்படித்தான் வரும், தற்செயலாக நடப்பதில்லை. சமதரையில் அடிவானம் எப்போதும் கேமராவின் உயரத்திலேயே நிற்கும். கேமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ, எதிரே நிற்பவரை அந்த உயரத்திலேயே அந்தக் கோடு வெட்டும்.

இது தெரிந்துவிட்டால் நீதான் ராஜா. மணலில் உட்கார்ந்து எடு. கோடு நண்பனின் தொடைக்கு இறங்கிவிடும். முகத்துக்குப் பின்னால் வெறும் வானம். கண் நேராக முகத்துக்குப் போகும். ஆட்டுக்குட்டியை எடுப்பதாக இருந்தால் வயிற்றை மண்ணில் வைத்துப் படுக்க வேண்டியதுதான். சட்டை அழுக்காகும், அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே.

"மாமா, மூணில் ஒரு பங்கு விதின்னு ஒண்ணு இருக்காமே?" என்று கேட்கப்போகிறாய், தெரியும். போன் கேமராவின் அமைப்புகளில் கிரிட் என்று இருக்கும். அதைப் போட்டால் திரையில் குறுக்கே இரண்டு கோடும் நெடுக்கே இரண்டு கோடும் வரும். முக்கியமான பொருளை நடுவில் வைக்காமல் அந்தக் கோடுகளின் மேலோ, அவை சந்திக்கும் இடத்திலோ வை என்பது விதி. இந்தப் பெயரை 1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர், கிராமப்புறக் காட்சிகளை வரைவது பற்றிய ஒரு புத்தகத்தில் எழுதினார். புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்தான். அதாவது கேமரா வருவதற்கு முன்பே வந்துவிட்ட விதி!

என்னைக் கேட்டால், விதி என்ற சொல் இதற்குக் கொஞ்சம் அதிகம். நல்ல பழக்கம் என்று சொல்லலாம். வாசலில் போட்ட கோலத்தை நேர் மேலிருந்து எடுக்கும்போது நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்தால் யாருக்குப் பிடிக்கும்? நாலு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் பொருளுக்கு நடுதான் சிம்மாசனம். ஆனால் பள்ளி மணி அடித்ததும் பையோடு ஓடிவருகிற பையனைப் பிடிக்கிறாய் என்றால், அவன் ஓடும் திசையில் இடம் விட வேண்டும். அவன் மூக்கு படத்தின் ஓரத்தில் இடித்தால் பார்க்கிறவருக்கு மூச்சு முட்டும். அவனை ஒரு பக்கக் கோட்டில் வைத்தால் அந்த இடம் தானாகவே கிடைத்துவிடும்.

ஓரம் என்றதும் உலகப் புகழ்பெற்ற ஒரு படம் நினைவுக்கு வருகிறது. 1936 மார்ச் மாதம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் நிபோமோ என்ற இடம். பட்டாணி பறிக்கும் கூலித் தொழிலாளர்கள் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார்கள். குளிரில் பயிர் கருகிவிட்டது. வேலையும் இல்லை, சோறும் இல்லை. டோரத்தியா லாங் என்ற புகைப்படக் கலைஞர் அரசாங்க வேலையாக அந்தப் பக்கம் வந்தார். பிள்ளைகளோடு கூடாரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாயைக் கண்டார்.

முதலில் கொஞ்சம் தூரத்திலிருந்து எடுத்தார். கூடாரம், தட்டுமுட்டுச் சாமான், பிள்ளைகள் எல்லாம் அதில் தெரிகின்றன. கண் அங்கும் இங்கும் அலைகிறது. அவர் கிட்டே போனார். இன்னும் கிட்டே போனார். கடைசிப் படத்தில் கூடாரம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. தாய் கன்னத்தருகே கையை வைத்து எங்கோ பார்க்கிறார். மடியில் கைக்குழந்தை. இரண்டு தோளிலும் சாய்ந்திருக்கும் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள், தலைமுடிதான் தெரிகிறது.

கொஞ்சம் நிறுத்து. பிள்ளைகளின் முகம் தெரியாதது படத்துக்கு நல்லதா, கெட்டதா? நீயே யோசித்துச் சொல்.

சரியாகச் சொன்னாய். கண் முகத்தைத் தேடி ஓடும் அல்லவா? அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிகிற பெரிய முகம் ஒன்றே ஒன்றுதான். கண் வேறெங்கும் போக வழியில்லை.

அதிலும் ஒரு குறை இருந்தது. வலது கீழ் மூலையில், கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் மங்கலாக விழுந்திருந்தது. லாங்குக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகு நெகட்டிவிலேயே அதை மறைக்கச் செய்தார். விரல் இருக்கும் பிரதியும் மறைத்த பிரதியும் இரண்டுமே இன்று பார்க்கக் கிடைக்கின்றன. அவ்வளவு பெரிய கலைஞரின் கண்ணுக்கே ஓரம் தப்பியது. பொத்தானை அழுத்தும் முன் நீ படத்தின் நாலு ஓரத்திலும் ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டு வா. பாதி வெட்டுப்பட்ட செருப்பு, யாரோ ஒருவரின் முழங்கை, மின்கம்பி எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அந்தத் தாயின் கதையில் வருத்தமும் உண்டு. படம் உலகம் முழுக்கப் போயிற்று, ஆனால் அதனால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் மனம் நொந்து சொன்னார். நீ யாரைப் படமெடுத்தாலும், "எடுக்கட்டுமா?" என்று முதலில் கேட்டுவிடு. பழக்கடைக்காரராக இருந்தாலும் சரிதான்.

இப்போது படம் தயார். யாரிடம், எப்படிக் காட்டுவது?

காட்டும் முன் கதை சொல்லாதே. "இது பாட்டி ஊருக்குப் போறப்ப எடுத்தது, அன்னிக்கு ரொம்ப வெயில்..." என்று நீ ஆரம்பித்தால் கேட்பவரின் கண் உன் கதைக்குப் பின்னால் போய்விடும். கேள்வி மாறினால் கண்ணின் பாதை மாறும் என்று பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதற்காகத்தான். வாயை மூடிக்கொண்டு போனை நீட்டு. மனதுக்குள் மூன்று எண்ணு. போனைத் திருப்பிக்கொள். பிறகு, "முதல்ல எதைப் பார்த்தீங்க? அப்புறம் எதை? வேற என்ன இருந்தது?" என்று கேள்.

ஒருவரிடம் கேட்டால் போதாது. தாத்தாவிடம், பக்கத்து வீட்டு அக்காவிடம், உன் குட்டித் தங்கையிடம் கேள். தங்கைதான் சிறந்த நீதிபதி. அவளுக்கு உன் மனம் நோகுமே என்ற கவலை கிடையாது! சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிவை. எல்லாரும் சிலேட்டையே சொன்னால் சிலேட்டில்தான் கோளாறு. ஒருவர் மட்டும் மோட்டார் சைக்கிளைச் சொன்னால், அவருக்கு வண்டிப் பைத்தியம் இருக்கலாம்.

இன்னொரு ரகசியம். கண் எங்கே போனது என்று அவர் சொன்னால் அப்படியே நம்பு. அது நடந்த விஷயம், அதில் வாதம் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் "அதனால இப்படி எடு" என்று யோசனை சொன்னால், அதை உன் அறிவால் சோதித்துப் பார். பாட்டி பின்னால் இருக்கும் சைக்கிளை எடுத்துவிடு என்று அக்கா சொல்கிறாள். உனக்கோ அது தாத்தா ஓட்டிய சைக்கிள், படத்தில் இருந்தே ஆக வேண்டும். அப்படியானால் அதைக் கொஞ்சம் நிழலுக்குத் தள்ளிவிட்டு மறுபடி எடு. மறுபடி காட்டு. அதே கேள்வியைக் கேள். முதலில் பாட்டி, பிறகு சைக்கிள் என்று பதில் வந்தால் உன் வேலை முடிந்தது.

நண்பன் தன் படத்தைக் காட்டினால் நீயும் இதே மாதிரி பதில் சொல். "மொக்கை" என்று சொல்வதற்கு அறிவு எதுவும் தேவையில்லை. "என் கண் முதல்ல அந்த டியூப்லைட்டுக்குப் போச்சுடா" என்றால் அவனுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்துவிடும்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி வைத்திருப்பாய். "அப்புறமா போன்லயே ஓரத்தை வெட்டிக்கிட்டா போதாதா?"

வெட்டலாம், தப்பே இல்லை. மூலையில் விழுந்த செருப்பு போய்விடும். ஆனால் பாட்டி தலையிலிருக்கும் மரம் வெட்டினால் போகாது. நின்ற இடத்தை மாற்றினால்தான் போகும். இன்னொரு இடைஞ்சலும் இருக்கிறது. உன் பட்டத்தின் படத்தை எடுத்துக்கொள். பட்டம் 60 செ.மீ. அகலம், 50 மீட்டர் தூரத்தில் பறக்கிறது. வானத்தில் அது முழுநிலாவை விடக் கொஞ்சம்தான் பெரிதாகத் தெரியும். உன் மனது அதன் மேலேயே இருந்ததால் பிரம்மாண்டமாகத் தோன்றியது. போன் லென்ஸோ மிக அகலமான காட்சியைப் பிடிக்கும். படத்தின் அகலத்தில் பட்டத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. படம் 4000 புள்ளி அகலம் என்றால் பட்டத்துக்கு 40 புள்ளி. சுற்றியிருப்பதை எவ்வளவு வெட்டினாலும் அந்த 40 புள்ளி 41 ஆகாது. பெரிதாக்கினால் சதுரம் சதுரமாக உடைந்துதான் தெரியும்.

அதனால் பட்டத்தைத் துரத்தாதே. தம்பியிடம் நூலைக் கொடு. (மாஞ்சா வேண்டாம், சாதாரண நூல் போதும். மாடி என்றால் கைப்பிடிச் சுவர் பக்கம் பின்னால் நகரவே கூடாது.) நீ கீழே உட்கார்ந்து, அவன் முகமும் கையும் ஒரு மூலையில் வரும்படி வை. அவன் அண்ணாந்து பார்க்கட்டும். பட்டம் எதிர்மூலையில் புள்ளியாக இருந்தால் போதும். பார்க்கிறவரின் கண் முதலில் அவன் முகத்துக்கு வரும். ஒரு முகம் எங்கே பார்க்கிறதோ அங்கே நாமும் பார்ப்போம், அது நம் வழக்கம். அப்படியே மேலே ஏறிப் பட்டத்தைக் கண்டுபிடித்துவிடும். எடுத்துவிட்டுத் தங்கையிடம் மூன்று எண்ணும் நேரம் காட்டு. அவள் என்ன வரிசையில் சொல்கிறாள் என்று எனக்கும் வந்து சொல்.